மிதக்கும் காரில் ஸ்டீயரிங் பிடித்தல்: சேவுகம்பட்டி மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

கார் படகில் ஏறிவிட்டது. எஞ்சின் அணைந்துவிட்டது. கை பிரேக் இழுத்தாயிற்று, முதல் கியரும் போட்டாயிற்று. நான்கு சக்கரமும் இரும்புத் தளத்தில் அசையாமல் நிற்கின்றன. காரைக் கொண்டுபோவது படகு. படகைக் கொண்டுபோவது மேலே கூண்டுக்குள் இருக்கும் ஸ்ராங்கு. அப்படியிருக்க, அக்கரை சேரும்வரை காரோட்டி தன் ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருப்பது ஏன்? இக்கட்டுரை இந்த ஒரே கேள்வியை ஆராய்கிறது. படகில் காணப்படும் பிற நிகழ்வுகளான வாந்தி, செல்ஃபி, பொரிகடலை ஆகியவை ஆய்வு எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளன. பொரிகடலை மட்டும் ஓரிடத்தில் எல்லை மீறி உள்ளே வரும்.

ஆய்வுக்குச் சேவுகம்பட்டியைத் தேர்ந்தது தற்செயல் அன்று. திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டத்தில், வத்தலக்குண்டுக்கும் பட்டிவீரன்பட்டிக்கும் பக்கத்தில் உள்ள பேரூர் இது. எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க 100 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பக்கத்து மருதாநதியும் மஞ்சளாறும் வருஷத்தில் பல மாதம் செருப்பு நனையாமல் கடக்கத்தக்கவை. ஆகவே படகைப் பற்றி முன்கூட்டிய எண்ணம் எதுவும் இல்லாத மக்கள். கடற்கரைக்காரரை வைத்து இதை ஆராய்ந்தால் முடிவு கெட்டுவிடும். அவர்களுக்கு நீச்சல் தெரியும், அலை தெரியும், படகோட்டியின் அண்ணனையும் தெரிந்திருக்கும். சேவுகம்பட்டிக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் கார் ஒன்றுதான். இவ்வளவு தூய மாதிரி வேறெங்கும் கிடைக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. தை மாதம் இவ்வூர் அழகர் கோயில் விழாவில் வாழைப்பழத்தைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து சூறை விடுவார்கள். வருஷம் முழுக்கப் பாடுபட்டு விளைந்ததை வானத்தை நோக்கி வீசிவிட்டு, யார் பிடித்தார், எத்தனை பிடித்தார் என்று கேட்காமல் வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர்கள் இவர்கள். கையில் இருப்பதை விட்டுவிடுவதில் இவ்வளவு தேர்ச்சியுள்ள ஊர், ஓடாத காரின் ஸ்டீயரிங்கை மட்டும் விட மறுக்கிறது. முரண்பாடு இருக்கும் இடத்தில்தான் ஆய்வு தொடங்க வேண்டும்.

முன்னோர் கருத்துகளைப் பார்ப்போம். வாகனத்தோடு நீர் கடப்பது பற்றிப் பேசும் மூத்த சான்றுகளுள் ஒன்று வால்மீகி ராமாயணம். அதில் இரண்டு மரபுகள் அடுத்தடுத்துக் காணக்கிடைக்கின்றன. ராமன் கங்கைக் கரையில் சுமந்திரனையும் தேரையும் திருப்பி அனுப்பிவிட்டு, ஆள் மட்டும் படகில் ஏறுகிறான். சில நாள் கழித்து அதே கரைக்கு வரும் பரதனோ ஒரு சேனையையே கூட்டி வருகிறான். குகன் 500 படகுகளைத் திரட்டுகிறான். சிலவற்றில் பெண்கள், சிலவற்றில் குதிரைகள், சிலவற்றில் வண்டிகளும் அவற்றை இழுக்கும் விலங்குகளும். யானைகள் கொடியோடு நீந்திப் போகின்றன. வண்டியைக் கரையில் விட்டுப் போவது, வண்டியோடு ஏறுவது என்று இன்றைக்கும் படகுத்துறையில் குடும்பங்களைப் பிரிக்கும் இரண்டு கொள்கைகளும் ஒரே வீட்டு அண்ணன் தம்பியிடமிருந்து வந்தவை. ஆனால் படகில் ஏற்றிய வண்டியின் சாரதி கடிவாளத்தை விட்டானா, பிடித்திருந்தானா? ஆதிகவி இந்த இடத்தில் மௌனம் சாதிக்கிறார். கம்பரும் கைவிடுகிறார். உரையாசிரியர்கள் சிறுசிறு சொல்லுக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இதைத் தாண்டிப் போனது தமிழ் ஆய்வுலகின் நெடுநாள் குறை.

களத்துக்கு வருவோம். முறைப்படி ராமேஸ்வரத்தையே எடுத்திருக்க வேண்டும். தீவும் அதுவே, நகரும் அதுவே. சேவுகம்பட்டியில் புதுக் கார் வாங்கினால் மாலை வாடுவதற்குள் போய்வர நினைக்கும் ஊர்களில் ஒன்று. ஆனால் 1988 அக்டோபரில் பாம்பன் சாலைப் பாலம் திறந்ததிலிருந்து கார் சக்கரத்தாலேயே கடலைத் தாண்டிவிடுகிறது. அதற்கு முன் தரைவழியாக உள்ளே போக 1914இல் திறந்த ரயில் பாலம் ஒன்றுதான். பாலத்தின் மேல் ஸ்டீயரிங்கைப் பிடிப்பது கடமை. அதில் ஆராய ஒன்றுமில்லை. (நட்டநடுப் பாலத்தில் காரை நிறுத்தி ரயிலுக்குக் காத்திருப்பது தனி ஆய்வுக்குரியது. போலீஸ்காரர்கள் தரவு தருவார்கள்.) நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் செரியாபாணி கப்பலும், 2024 ஆகஸ்டில் சிவகங்கை கப்பலும் புறப்பட்டன. இரண்டும் ஆளை ஏற்றுவன. காரைத் துறையிலேயே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். அதாவது ராமன் மரபு.

பரதன் மரபைப் பார்க்க மலை தாண்ட வேண்டும். பழைய 49ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஒரு முனையில் தனுஷ்கோடியையும் மறுமுனையில் கொச்சியையும் வைத்துக்கொண்டு, நடுவில் மதுரை, தேனி, போடி, மூணாறு என்று போனது. ஒரு முனையில் கார் ஏற்றும் படகு இல்லாத தீவு. மறுமுனையில் ஃபோர்ட் கொச்சி. அதற்கு எதிர்க்கரையில் வைப்பின் தீவு. இரண்டுக்கும் நடுவே காரும் லாரியும் ஆளும் ஒன்றாக ஏறும் படகு. முன்பு ஜங்கார் என்ற மிதவைப் படகு ஓடிய இந்தத் துறையில், 2018 முதல் கொச்சி மாநகராட்சியின் சேதுசாகர் என்ற ரோ-ரோ படகுகள் ஓடுகின்றன. எறணாகுளத்திலிருந்து வைப்பினுக்கு 2004இலேயே கோஸ்ரீ பாலங்கள் வந்துவிட்டன. ஆனால் ஃபோர்ட் கொச்சியில் நிற்பவர் அந்தப் பாலத்தைப் பிடிக்க நகரத்தையே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். படகில் ஏறினால் சில நிமிஷம்.

வைப்பின் அயல்நாட்டு நிலம் என்று யாரும் ஆட்சேபிக்க வேண்டாம். 1341ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளம் கொண்டுவந்து சேர்த்த மண்ணில் உருவான தீவு அது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. அதே பெரியாற்றுத் தண்ணீரைத்தான் 1895இல் பென்னிகுயிக் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பினார். அது வைகையில் சேர்ந்து, நிலக்கோட்டை வட்டாரத்துப் பேரணையில் வாய்க்கால் பிரிந்து வயலுக்குப் போகிறது. ஆக, திருப்பி விடுவதற்கு முன்னால் அந்த ஆறு செய்த வேலை வைப்பின். பின்னால் செய்யும் வேலை நம் வட்டாரத்து நெல். இந்த உறவுமுறையை ஃபோர்ட் கொச்சி டிக்கெட் கவுண்டரில் எடுத்துச் சொல்லிப் பார்த்தோம். கட்டணத்தில் சலுகை கிடைக்கவில்லை.

முதன்மைத் தகவலாளி, ஆய்வாளரின் தாய்மாமா. வாழைத் தோட்டமும் வெள்ளை நிறக் காரும் உடையவர். செராய் கடற்கரைக்குப் போகிற வழியில் இந்தப் படகைத் தேர்ந்ததற்கு அவர் சொன்ன காரணம்: “காரைக் கப்பல்ல ஏத்துனேன்னு ஊருல போய்ச் சொல்லலாம்ல மாப்ள.” வண்டியில் அத்தை, அம்மாச்சி, ஆய்வாளர், ஒரு பை பொரிகடலை. டிக்கியில் சொந்தக்காரர் வீட்டுக்கு ஒரு வாழைத்தார். கொச்சியிலும் வாழைப்பழம் கிடைக்கும் என்பதை எடுத்துச் சொல்ல எவருக்கும் துணிவு வரவில்லை.

துறையில் முதலில் லாரி ஏறியது, பிறகு மீன் ஆட்டோ, பிறகு நாங்கள். படகு ஊழியர் கையை ஆட்டி “போரட்டே, போரட்டே” என்று கூப்பிட்டுக்கொண்டே வந்து, முன் பம்பருக்கும் ஆட்டோவுக்கும் இடையே ஒரு சாண் இருக்கையில் “மதி” என்றார். மாமா நிறுத்தினார். உடனே எங்கிருந்தோ மோட்டார் சைக்கிள்கள் புகுந்து, காரின் இரண்டு பக்கமும் கதவைத் திறக்க முடியாதபடி அடைத்துக்கொண்டன. எஞ்சின் அணைந்தது. மாமாவின் கைகள் ஸ்டீயரிங்கில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் போய் உட்கார்ந்தன. டிரைவிங் ஸ்கூலில் கற்றுத்தருகிற அதே நிலை. வத்தலக்குண்டு சாலையில் அவர் ஒருநாளும் இப்படிப் பிடித்ததில்லை. அங்கே ஒரு கை ஜன்னலுக்கு வெளியே, மறுகையின் இரண்டு விரல் மட்டும் ஸ்டீயரிங்கில். தரையில் ஓடும்போது இரண்டு விரல், தண்ணீரில் ஓடாதபோது பத்து விரல் என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

இதற்கு எளிய விளக்கம் ஒன்று சொல்லப்படலாம்: கதவு திறக்காததால் உள்ளே இருந்தார், உள்ளே இருந்ததால் பிடித்தார் என்பது. கதவு அடைபட்டது அவர் உட்கார்ந்திருந்ததைத்தான் விளக்கும், பிடித்திருந்ததை விளக்காது. பக்கத்து இருக்கையில் அதே அளவுக்கு அடைபட்டிருந்த ஆய்வாளர் எதையும் பிடிக்கவில்லை.

அடுத்தது இயற்பியல் விளக்கம். காரும் ஆளும் வாழைத்தாருமாகச் சேர்ந்து 1,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் விதி. கடல் தண்ணீர் லிட்டருக்கு 1.025 கிலோ என்ற கணக்கில் இது சுமார் 1,268 லிட்டர். சேவுகம்பட்டியில் தண்ணீரை லிட்டரில் அளந்து ஒருவரும் பேசுவதில்லை. 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தால் வகுத்தால் ஏறத்தாழ 85 குடம். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் இறங்கி முகத்துவாரம் நன்னீராக இருந்தால் 87 குடம் ஆகும். இந்த இரண்டு குட வித்தியாசத்தை அத்தையிடம் தெரிவித்தபோது, “ரெண்டு கொடந்தான, குழாயடியில நின்னா தெரியும் அருமை” என்றார். அது வேறு துறை. நமக்கு வேண்டியது, இந்த 85 குடத்தில் ஒரு குடத்தைக்கூட ஸ்டீயரிங்கால் இடம் வலம் தள்ள முடியாது என்பதே. முன்சக்கரத்தை எப்படித் திருப்பினாலும் அது படகின் தளத்தைத்தான் உரசும். படகுக்குள் நடக்கும் உரசல் படகைத் திருப்பாது. மாமா திருப்பவுமில்லை. சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டிருந்தார். சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். எனவே அவர் அவ்வளவு கவனமாகப் பிடித்திருந்தது பூட்டிய ஸ்டீயரிங்கை.

சீட் பெல்ட்டையும் அவர் கழற்றவில்லை. இங்கே ஆய்வாளர் தம் நடுநிலையை ஒரு வரிக்குக் கைவிட்டு எழுதுகிறார்: படகு மேல் நிற்கும் காருக்குள் இருக்க நேர்ந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியை இறக்கி வைப்பதே புத்தி. முடிந்தால் இறங்கி நிற்பது அதைவிட நல்லது. பெரிய கப்பல்களில் பயணத்தின்போது கார்த் தளத்தில் ஆள் இருக்க விடுவதில்லை. 1987 மார்ச்சில் பெல்ஜியத்தின் சேப்ரூகே துறையிலிருந்து புறப்பட்ட ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ் என்ற கார்க் கப்பல், முன்கதவை மூடாமல் கிளம்பியதால் கார்த் தளத்தில் தண்ணீர் புகுந்து கவிழ்ந்தது; 193 பேர் இறந்தார்கள். சுவர் இல்லாத அகன்ற தளத்தில் புகுந்த தண்ணீர் ஒரே பக்கம் ஓடிச் சேர்வதுதான் இவ்வகைக் கப்பலின் பெரிய ஆபத்து. அதை இங்கே சொல்லக் காரணம், கார் ஏற்றும் படகில் அஞ்சத்தக்கவை உண்டு, ஆனால் அவற்றில் எதற்கும் ஸ்டீயரிங் மருந்தில்லை என்பதற்காக.

இனி ஒப்பியல். யாழ்ப்பாணத் தீவகத்தில் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே மிதக்கும் தளம் ஒன்று ஓடுகிறது. அங்கே அதைப் ‘பாதை’ என்கிறார்கள். நடுத்தண்ணீரில் நிற்கும், போர்த்துக்கீசர் கட்டி டச்சுக்காரர் கைப்பற்றிய கடற்கோட்டையைப் பார்த்துக்கொண்டே கடக்கலாம். சைக்கிள்காரரும் மோட்டார் சைக்கிள்காரரும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடி கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்கள். இதை மாமாவுக்கு ஆதரவான சான்றாகக் காட்டக் கூடாது. இரண்டு சக்கர வண்டியை விட்டால் சாயும், கார் சாயாது.

பினாங்கு நிலைமை துயரமானது. பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் நடுவே காரையும் ஆளையும் சுமந்து பல தலைமுறை ஓடிய பெர்ரிகள் அவை. தோட்டத்து வேலைக்கும் துறைமுக வேலைக்கும் போன நம்மவர்கள் ஏறி இறங்கியவை. 1985இல் பாலம் திறந்த பிறகும் விடாமல் ஓடின. 2021 தொடக்கத்திலிருந்து கார் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். 2023இல் வந்த புதுப் படகுகளில் ஆளும் இருசக்கர வண்டியும் மட்டுமே. அங்கே ஒரு வினோத வழக்கம் இருந்தது: தீவுக்குப் போகும்போதுதான் கட்டணம், திரும்பும்போது இலவசம். போனவன் எப்படியும் வந்துதானே ஆகவேண்டும் என்று முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள் போலும். கல்யாண வீட்டில் மொய்யை வாசலிலேயே எழுதிக்கொள்கிற நம் ஊருக்கு இந்தத் தத்துவம் உடனே விளங்கும். காரை நிறுத்திவிட்ட காரணத்தால் பினாங்கில் ஸ்டீயரிங் பிடித்தலை நேரில் காணும் வாய்ப்பு ஒரேயடியாகப் போயிற்று. ஆய்வாளர்கள் தாமதித்தால் களம் காத்திருக்காது.

மீண்டும் கொச்சி. அந்த நீர்வழி கப்பல் போகும் வழியும்கூட. துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ மணல்திட்டை அறுத்து வழி செய்து, 1928இல் பத்மா என்ற கப்பல் உள்ளே நுழைந்ததிலிருந்து பெரிய கப்பல்கள் இந்த வாயில் வழியாகத்தான் போகின்றன. நாங்கள் பாதி கடந்திருந்தபோது, வல்லார்பாடம் பக்கம் போகிற கண்டெய்னர் கப்பல் ஒன்று வந்தது. நாலைந்து மாடி வீடுகளை அடுக்கி நகர்த்தினாற்போல் இருந்தது. அத்தை “ஏங்க, ஏங்க” என்றார். மாமா பிரேக்கை மிதித்தார். ஸ்ராங்கும் அதே நொடியில் வேகத்தைக் குறைத்தார். படகு தயங்கி நின்றது. கப்பல் போயிற்று. காரில் ஒரு நீண்ட மூச்சு வெளிப்பட்டது. அத்தை திரும்பி ஆய்வாளரைப் பார்த்த பார்வையில், தம் கணவரின் பாதத்துக்கும் படகின் வேகத்துக்கும் உள்ள காரண காரியத் தொடர்பு முழுமையாக நிறுவப்பட்டிருந்தது.

அம்மாச்சி இதில் எதையும் கவனிக்கவில்லை. அவருடைய கண் கரையோரச் சீன வலைகள் மேலே இருந்தது. நீண்ட மரக்கையின் ஒரு முனையில் வலை, மறுமுனையில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கற்கள். கல்லின் பாரத்தில் வலை மேலே எழும்புகிறது. “நம்ம கிணத்து ஏத்தம் மாதிரி இருக்கு. தண்ணிக்குப் பதிலா மீனை எறைக்கிறானுக” என்றார். பிறகுதான் மகன் பக்கம் திரும்பினார். “ஏப்பா, வண்டி நிக்கத்தான செய்யுது. கைய எடுத்து ரெண்டு பொரிகடல திங்கறது.”

இவ்வாய்வில் நிகழ்ந்த முதல் நேரடிச் சோதனை இதுவே. மாமா முதலில் ஆய்வாளரைப் பார்த்தார், பிறகு கண்ணாடி வழியே கடலைப் பார்த்தார். இடது கையை மெல்ல எடுத்தார். படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கையையும் எடுத்துக் குவித்துப் பின்னால் நீட்டினார். அம்மாச்சி பொரிகடலையை அள்ளிப் போட்டார். அந்நேரம் பார்த்துப் படகு துறைக்கு நேராக நிற்க நீரோட்டத்தை எதிர்த்து ஒரு வெட்டு வெட்டித் திரும்பியது. கடலை சிதறிச் சீட்டுக்கு அடியில் போயிற்று. லாரி முனகியது. பின்சீட்டிலிருந்து இரண்டு பெண்குரல்கள் ஒரே சமயத்தில் வந்தன. அத்தை: “ஏங்க, அதப் பிடிங்க மொதல்ல!” அம்மாச்சி, சற்றுமுன் கையை எடுக்கச் சொன்ன அதே அம்மாச்சி: “நீ பிடிச்சுக்கப்பா. கடலய அப்பறம் திங்கலாம்.”

இயற்பியலில் தேடியது வீண் என்பது அப்போதுதான் புலப்பட்டது. மாமா விடமாட்டார் என்பதல்ல செய்தி. அவர் விட்டார்; காருக்குள் இருந்தவர்கள்தான் விடவில்லை. முன்சீட்டில் ஒரு முதுகு நேராக இருந்து, இரண்டு கை எதையாவது பற்றியிருந்தால், பின்சீட்டில் இருப்பவர்கள் வலையைப் பார்க்கலாம், கடலை தின்னலாம். பூட்டிய ஸ்டீயரிங் படகைத் திருப்பாது. ஆனால் அம்மாச்சியின் கண்ணைச் சீன வலைக்குத் திருப்பியது அதுதான். மாமாவுக்கு இது முன்பே தெரியுமா என்று ஆய்வாளர் கேட்டதற்கு, “கடலையப் பொறுக்கு மாப்ள” என்பதே பதிலாகக் கிடைத்தது.

எந்த முடிவையும் ஆளை மாற்றிச் சோதித்தல் ஆய்வு நெறி. எனவே மறுநாள் திரும்புகையில் வைப்பின் துறையில் ஆய்வாளர் ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தப்பட்டார். மோட்டார் சைக்கிள்கள் வந்து அடைப்பதற்குள் மாமா இறங்கித் தளத்தின் கம்பியோரம் போய் நின்றுகொண்டார். படகு கிளம்பியது. ஆய்வாளரின் கைகள் மடியில் கிடந்தன. சாவி போட்டபடியே இருந்தது, எஞ்சின் அணைந்திருந்தது. முதல் சில நொடிகள் அமைதி. பிறகு பின்னாலிருந்து அத்தை, “தம்பி, அதச் சும்மாவாச்சும் பிடிச்சுக்கப்பா” என்றார். பிடித்தேன். அம்மாச்சி வலைகளைப் பார்க்கத் தொடங்கினார். ஃபோர்ட் கொச்சித் துறை நெருங்குகையில், கம்பியோரம் கடலை தின்றுகொண்டிருந்த மாமா இரண்டு மோட்டார் சைக்கிள்களுக்கு மேலாக எட்டி ஜன்னலைத் தட்டினார்.

“மாப்ள, லேசா எடது பக்கம் ஒடி. கரை வருதுல்ல.”

இறுகிக் கிடந்த ஸ்டீயரிங்கை இரண்டு கையும் போட்டு லேசாக இடது பக்கம் ஒடித்தேன். படகு துறையில் சரியாகப் பொருந்தி நின்றது.